பச்சை விளக்கும் பாத்திமாவும்

"மேடம், பெரிசா ஒண்ணும் இல்ல. மிஷின் மேல தப்பில்லைன்னு ரெண்டு வரி எழுதி, ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதும்."

முன்பின் தெரியாத ஒருவர் போனில் இப்படி ஆரம்பித்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றும் வந்தது. அடக்கிக்கொண்டு யார், என்ன என்று விசாரித்தேன். பேசியவர் பெயர் சுப்பராஜா. ராஜபாளையத்திலிருந்து செட்டியார்பட்டி போகும் வழியில் ஆஸ்பத்திரிகளுக்கு பேண்டேஜ் தயாரிக்கும் சிறிய ஃபாக்டரி அவருடையது. என் தம்பியோடு பள்ளிக்கூடத்தில் படித்தவராம். என் நம்பரைக் கொடுத்தது அவன்தான். அவனிடம் பிறகு தனியாகப் பேசிக்கொண்டேன்.

"பாக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போடமாட்டேங்க."

"பாத்துட்டே போடுங்க மேடம். ஆனா இந்த வாரத்துக்குள்ள வேணும். இல்லைன்னா ஆஸ்பத்திரி ஆர்டர் நம்ம கைய விட்டுப் போயிரும். தப்புப் பண்ணின பொம்பளையே ஒத்துக்கிட்டா. நீங்க மிஷினுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

தப்பை ஒருவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று கேட்டால் எனக்கு நிம்மதி வராது, சந்தேகம்தான் வரும். தொழில் அப்படி.

ஒரு பானைச் சோறு

என் தொழிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது.

நான் சாஃப்ட்வேர் வெரிஃபிகேஷன் பார்க்கிறவள். பெங்களூரில் ஆராய்ச்சி முடித்து, ரயில் சிக்னல் புரோகிராம்களைப் பல வருஷம் சரிபார்த்தேன். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்ற காலம் வந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்துவிட்டேன். எங்கள் தெருவில் என்னை "கம்ப்யூட்டர் அக்கா" என்பார்கள். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னிடம்தான் வருவார்கள். "எனக்கு அது தெரியாதுப்பா" என்றால், "பின்ன என்னக்கா இம்புட்டு நாளா படிச்சீக?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில்தான் நீளம்.

டெஸ்டிங் வேறு, வெரிஃபிகேஷன் வேறு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது டெஸ்டிங். நாலு விதமாக ஓட்டிப் பார்ப்பார்கள், நாலும் சரியாக வந்தால் அனுப்பிவிடுவார்கள். சோற்றுக்கு அது சரி. உயிர் சம்பந்தப்பட்ட புரோகிராமுக்கு அது பத்தாது. அங்கே ஒவ்வொரு பருக்கையையும் பார்த்தாக வேண்டும். கையால் பார்க்க ஆயுசு போதாது என்பதால், புரோகிராமைக் கணக்காக மாற்றி எழுதி, 'இந்தக் கெட்டது எந்த வழியிலாவது நடக்குமா?' என்று ஒரு கருவியிடம் கேட்போம். அதை மாடல் செக்கர் என்போம். நடக்காது என்றால் நிரூபித்துக் காட்டும். நடக்கும் என்றால் எப்படி நடக்கும் என்று வழியோடு காட்டும். அவ்வளவுதான் என் பிழைப்பு.

சுவருக்கு அந்தப் பக்கம்

மறுநாள் காலையிலேயே பஸ் பிடித்து ராஜபாளையம் போனேன். சுப்பராஜா வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். நல்ல மனிதர்தான். பதற்றத்தில் இருந்தார்.

ஃபாக்டரியின் நடுவில் பெரிய இரும்புத் தொட்டி. அதுதான் ஸ்டெரிலைசர். பேண்டேஜ் பொட்டலங்களை உள்ளே வைத்து, நீராவி ஏற்றி, கிருமி இல்லாமல் ஆக்குகிற இயந்திரம். அதற்கு இரண்டு கதவுகள். ஒரு கதவு சரக்கை ஏற்றுகிற பக்கம், இன்னொன்று சுத்தமான பக்கம். இரண்டு பக்கத்துக்கும் நடுவே முழுச்சுவர். இந்தப் பக்கம் இருப்பவருக்கு அந்தப் பக்கம் நடப்பது தெரியாது. எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது ஒரு கண்ட்ரோல் பேனல். வேகவைக்கிற வேலை முழுதாக முடிந்ததும் சுத்தமான பக்கத்தில் பச்சை விளக்கு எரியும், அந்தக் கதவின் பூட்டும் விலகும்.

நடந்தது இதுதான். வெளிமாநிலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் ஒருவர் பெட்டியைப் பிரித்திருக்கிறார். ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் சின்னப் பட்டை ஒன்று வைப்பார்கள். நீராவியில் வெந்தால் அது கறுப்பாகும். அந்தப் பொட்டலத்தில் பட்டை வெள்ளையாகவே இருந்திருக்கிறது. நல்லவேளை, அவர் பார்த்துவிட்டார். பார்க்காமல் ஒரு புண்ணில் வைத்துக் கட்டியிருந்தால் சீழ் வைத்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்.

பேனலின் பதிவில் எல்லாம் ஒழுங்காக முடிந்ததாகவே இருந்தது. அப்படியானால் வேகாத பெட்டியை வெந்த பெட்டிகளோடு யாரோ கலந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. சுத்தமான பக்கத்துக்குப் பொறுப்பு பாத்திமா. அவளை அங்கிருந்து தூக்கி, முற்றம் பெருக்கப் போட்டிருந்தார்கள். என் இரண்டு வரி வந்ததும் வேலையை விட்டே அனுப்பிவிட்டு, வாங்குகிறவர்களுக்கு 'நடவடிக்கை எடுத்தாயிற்று' என்று எழுதுவதாகத் திட்டம்.

பாத்திமாவைப் பார்க்க வேண்டும் என்றேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றாள். என்னைவிடச் சில வயசு சின்னவள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் இருந்தது.

"நீங்க கலந்ததைப் பாத்தீங்களா பாத்திமா? ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் இல்லக்கா. ஆனா கலந்திருப்பேன். இல்லாட்டி எப்படி வரும்? மிஷினு பொய் சொல்லாதுல்லா."

"மிஷின் பொய் சொல்லாதுன்னு யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்லுதாக. மெட்ராசுல நர்ஸு படிக்கா எம் மக. அவ கையிலயே அந்தப் பொட்டி போயிருந்தா என்னக்கா பண்ணியிருப்பேன்? அவகிட்ட போன்ல பேசவே வாய் வரமாட்டேங்கு. வேலை போறது கெடக்கட்டும். ஒரு புள்ளத்தாச்சி வயித்துல வச்சுக் கெட்டியிருந்தா?"

செய்தோமா என்று தெரியாத ஒரு பாவத்தைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். அவள் வேலை மட்டுமல்ல, அவள் நிம்மதியே என் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

வேலையை எப்படிச் செய்வாள் என்று கேட்டேன். பச்சை விளக்கு எரிந்ததும் கதவை ஒரு சாண் அளவு திறந்து வைப்பாளாம். உடனே முழுக்கத் திறந்தால் பொட்டலங்களில் ஈரம் கோத்துக்கொள்ளும். செத்த நேரம் ஆறவிட்டு, அதற்குள் சாப்பிட்டோ தொழுதோ வந்து, பிறகு சரக்கை வெளியே எடுப்பாள். அந்த ஃபாக்டரியில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். முறையான வேலைதான்.

"கான்ஃபிடென்ஷியல் மேடம்"

பேனல் செய்த கம்பெனியின் இன்ஜினியரை போனில் பிடித்தேன். இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார்.

"ஃபுல்லா டெஸ்ட் பண்ணித்தான் மேடம் அனுப்புறோம். எத்தனையோ இடத்துல ஓடுது. ஒரு கம்ப்ளைன்ட் கிடையாது."

"கம்ப்ளைன்ட் வரலைங்கிறத வச்சு நான் என்ன தம்பி செய்ய? புரோகிராமை அனுப்புங்க."

"அது கான்ஃபிடென்ஷியல் மேடம்."

"புண்ணுல சீழ் வச்சா அது கான்ஃபிடென்ஷியல்னு பாத்தா வைக்கும்? உங்க மேனேஜர்கிட்ட நான் பேசவா, நீங்க பேசுறீங்களா?"

அவரே பேசினார். சாயங்காலம் புரோகிராம் வந்தது.

அதை மாடலாக மாற்ற எனக்கு இரண்டு மூன்று நாள் பிடித்தது. மாடல் செக்கரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். 'உள்ளே இருக்கும் சரக்கு முழுதாக வேகாமல், சுத்தமான பக்கத்துக் கதவு எப்போதாவது திறக்குமா?' கருவி எல்லா வழிகளிலும் நுழைந்து பார்த்துவிட்டு, திறக்காது என்றது. கேள்வியை மாற்றி மாற்றிப் போட்டேன். அதே பதில்தான்.

நான் எதிர்பார்த்தது அதுவல்ல. சொல்லப்போனால் எனக்கு வருத்தமாகவே இருந்தது. ஆனால் என் வருத்தத்துக்காகக் கணக்கு மாறாதே. நிரூபணம் நிரூபணம்தான். அறிக்கையை எழுதி எடுத்துக்கொண்டு மறுபடி பஸ் ஏறினேன். பாத்திமா முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் வழியெல்லாம் யோசனை.

கரண்டு போச்சு

ஏற்றுகிற பக்கத்தில், பேனலுக்கு முன்னால் நானும் சுப்பராஜாவும் நின்றிருந்தோம். மாரிச்சாமி என்பவர் தள்ளுவண்டியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். அவ்வளவுதான், மின்விசிறிகள் நின்றன.

"ஏலே, கரண்டு போச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

மாரிச்சாமி அப்படியே திரும்பிப் பின்பக்கம் ஓடினார். "எங்க ஓடுறாரு?" என்றேன்.

"ஜெனரேட்டரை ஓட்ட, மேடம். ஆட்டோமேட்டிக் கெடையாது. இந்தப் பக்கம் நிக்கிற ஆளுதான் போயி ஓட்டணும். அதுதான் இங்க பழக்கம். ஷிப்டு முடியிற நேரம்னா அப்படியே ஓட்டிவிட்டுட்டு வீட்டுக்குப் போயிருவாக."

"அப்போ அடுத்த ஷிப்டுக்கு வர்றவரு?"

"அவரு வந்து விளக்கைப் பாப்பாரு. என்ன காட்டுதோ, அதுல இருந்து வேலையத் தொடங்குவாரு."

சொல்லி முடிப்பதற்குள் ஜெனரேட்டர் உறுமியது. பேனல் விழித்தது. அது விழிப்பதைப் பார்த்தபோதுதான் எனக்குச் சுரீர் என்றது. தூங்கி எழுந்தவனுக்கு முந்தி என்ன செய்துகொண்டிருந்தோம் என்று ஞாபகம் வர வேண்டுமே! இதற்கு அந்த ஞாபகம் எங்கிருந்து வருகிறது? எனக்கு வந்த புரோகிராமில் அப்படி ஒரு பகுதியே இல்லை.

விளக்கு என்ன காட்டுகிறது என்று குனிந்து பார்த்தேன். வேகிறது என்பதைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரியவில்லை. இப்போதுதான் தொடங்கிய லோடு முடிந்துவிட்டது என்று பேனல் காட்டியது.

"இந்த லோடை யாரும் தொடக்கூடாது!" என்று நான் போட்ட சத்தத்தில் சுப்பராஜா ஒரு அடி பின்னால் போனார். அங்கிருந்தே இன்ஜினியருக்கு போன் போட்டேன்.

"கரண்ட் வந்ததும் ஓடுற புரோகிராம் எங்க தம்பி?"

"அது பவர்-அப் ரொட்டீன் மேடம். எல்லா மாடலுக்கும் ஒண்ணுதான். அதுல பார்க்க ஒண்ணுமில்லைன்னு அனுப்பல."

பார்க்க ஒன்றுமில்லையாம்! இந்தத் தொழிலில் நான் கண்ட பெரிய பிழைகள் பலவும் 'பார்க்க ஒன்றுமில்லாத' இடத்தில்தான் குடியிருந்திருக்கின்றன.

அதை வாங்கி மாடலில் சேர்த்து, 'கரண்ட் எந்த நேரமும் போகலாம்' என்ற ஒரு வரியையும் போட்டுக் கேட்டேன். இந்த முறை கருவி உடனே வழியைக் காட்டியது. பேனல் தன் நிலையை, கரண்ட் போனாலும் அழியாத நினைவில் எழுதிவைப்பது ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகுதான். புது லோடு ஏற்றி ஸ்டார்ட் அழுத்தி, முதல் கட்டம் முடிவதற்குள் கரண்ட் போனால், அந்த நினைவில் இருப்பது முந்தின லோடின் நிலைதான். 'முடிந்தது.' கரண்ட் திரும்பியதும் அதைப் படித்துவிட்டு, பச்சை விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்துவிடும். பதிவிலும் முடிந்ததாகவே எழுதும். ஷிப்டு மாறுகிற நேரமென்றால், அது இப்போதுதான் ஏற்றிய லோடு என்பது புதிதாக வருகிறவருக்கும் தெரியாது.

கோவையிலோ எங்கேயோ, கரண்ட் போகாத அறையில் வைத்து டெஸ்ட் பண்ணினால் இது எந்த ஜென்மத்தில் தெரியும்?

நடுப் பொட்டலம்

எல்லாருக்கும் முன்னால் செய்து காட்டினேன். ஒரு லோடை முழுதாக வேகவிட்டு வெளியே எடுத்தோம். அடுத்ததாகக் கழிவுத் துணிப் பொட்டலங்களை ஏற்றி, மாரிச்சாமி ஸ்டார்ட் அழுத்தினார். சுப்பராஜாவையே மெயின் சுவிட்சை அணைத்துப் போடச் சொன்னேன். பாத்திமாவைச் சுத்தமான பக்கத்தில், அவள் பழைய இடத்தில் நிற்க வைத்திருந்தேன். நாங்கள் சுற்றிக்கொண்டு அங்கே போனபோது பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எப்பவும் போலத் திறங்க" என்றேன்.

ஒரு சாண் திறந்தாள். சூடான காற்று முகத்தில் அடித்தது.

"சூடாத்தானக்கா இருக்கு?"

"அது முந்தின லோடோட சூடு. தொட்டிச் சுவர்ல நிக்கிது. கையை உள்ள விட்டு நடுப் பொட்டலத்தைத் தொட்டுப் பாருங்க."

முழுக்கத் திறந்து, நடுவிலிருந்த பொட்டலத்தை உருவி எடுத்தாள். உள்ளங்கையில் வைத்தாள். பிறகு கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"பச்சத்தண்ணி மாதிரி இருக்கு" என்றாள்.

ஆறவிடுகிற பழக்கம் இருந்ததால், எடுக்கும்போது பொட்டலம் குளிர்ந்திருப்பது அவளுக்குப் புதிதாகத் தெரிய வழியே இல்லை. நான் இதை விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டாளா என்று தெரியாது. பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று கத்தினாள்.

"அப்போ இதுதான் செஞ்சிச்சா? நாசமாப் போற மிஷினே! இது செஞ்சதுக்கு நான்லா அல்லாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன்!"

அழுதாள். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. சுப்பராஜா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவரே சொன்னார், "ஏம்மா பாத்திமா, மனசுல வச்சுக்காத. நாளையில இருந்து பழைய எடத்துக்கே வந்துரு. பேனல்காரன மாத்தித் தரச் சொல்லுவோம். முடிஞ்சுது."

"முடியலீங்க" என்றேன் நான். "அன்னிக்குத் தப்பிப் போனது ஒரு பெட்டி இல்ல, ஒரு முழு லோடு. இந்த பேனல் வந்ததுல இருந்து, இதே மாதிரி கரண்ட் போன ஒவ்வொரு தடவையும் போயிருக்கலாம். எல்லாத்தையும் திரும்ப வரவழைக்கணும்."

அவர் முகம் மாறிவிட்டது. "மேடம், அதெல்லாம் ஆவுற கதையா? வேற ஒரு ஆஸ்பத்திரியில இருந்தும் குத்தம் வரல. நாமளே போயிச் சொல்லி நம்ம பேரைக் கெடுத்துக்கிடுறதா? இனிமே நடக்காமப் பாத்துக்கிடுவோம்."

நான் வாதாடினேன். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன், சத்தமும் போட்டேன். அவர் அசையவில்லை. ஊர் பேர், வாங்குகிறவர்கள், வேலை பார்க்கும் இத்தனை குடும்பங்கள் என்று அவர் பக்கத்திலும் கவலைகள் இருந்தன. அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயந்திருந்தார்.

பாத்திமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையிலிருந்த பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள்.

"மொதலாளி, அந்தப் பொட்டிக எல்லாம் திரும்பி வந்தாத்தான் நான் இந்தக் கதவுகிட்ட வருவேன்."

"என்னம்மா பேசுத? ஒனக்காகத்தான இம்புட்டும் பாத்தோம்?"

"எனக்காகன்னா எனக்கு வேண்டாம். தெரியாம அனுப்புனதுக்கே எனக்குச் சோறு எறங்கல. இப்பத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்ச பொறவு நாளைக்கு வந்து எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க நிக்க? முத்தம் பெருக்குத வேலையே போதும். அதுவும் இல்லேன்னாலும் சரி."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். முற்றத்தில் விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது. சுப்பராஜா தள்ளுவண்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வெகுநேரம் இருந்தார். எழுந்து ஆபீசுக்குள் போனார். கண்ணாடி வழியாக அவர் போனை எடுப்பதைப் பார்த்தேன். "சார், எங்க மிஷின்லதான் தப்பு. அனுப்புன சரக்க எல்லாம் யூஸ் பண்ணாம நிறுத்தி வைங்க" என்று அவர் சொன்னது எங்களுக்கெல்லாம் கேட்டது.

இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கருவி பிழையைக் காட்டும். பிழை தெரிந்த பிறகு, அதனால் தனக்கு என்ன நஷ்டம் வந்தாலும் அதை வெளியே சொல்லும் தைரியத்தை எந்தக் கருவியும் தராது. அதையும் சேர்த்துத்தான் நான் இப்போது வெரிஃபிகேஷன் என்கிறேன்.

பெட்டிகள் லாரியில் திரும்பி வந்த அன்று நானும் போயிருந்தேன். பாத்திமா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தாள். முதல் சில பெட்டிகளில் எல்லாப் பட்டையும் கறுத்திருந்தது. சுப்பராஜா என்னைப் பார்த்தார், வீணாகத் திரும்ப வரவழைத்தோமோ என்பது போல. அடுத்த பெட்டியின் நடுப் பொட்டலத்தைப் பிரித்த பாத்திமா அதை அவர் கையில் கொடுத்தாள். பட்டை வெள்ளையாக இருந்தது.